விசுவாசத்தின் முதல் அடி யாருடையது? அகுஸ்தீன் முதல் ஒராஞ்சு சங்கம் வரை

பெலாஜியுஸ் என்ற துறவியை மறுக்கப் போய்த்தான் அகுஸ்தீன் கிருபையைப் பற்றிய போதனையை உருவாக்கினார் என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அது நிற்காது. பெலாஜியுஸின் கருத்துகள் ஆப்பிரிக்கத் திருச்சபையில் விசாரணைக்கு வந்தது 411-ல். கிருபையைப் பற்றிய அகுஸ்தீனின் மனமாற்றமோ அதற்குப் பத்தாண்டுகளுக்கும் முந்தியது.

394 வாக்கில் உரோமையர் நிருபத்துக்கு விளக்கம் எழுதியபோது அவர் கொண்டிருந்த கருத்து வேறு. கடவுள் அழைக்கிறார், அழைப்பை நம்பி ஏற்பது மனிதன், ஏற்றவனுக்கு நன்மை செய்யும் ஆற்றலைத் தூய ஆவி தருகிறார். ஆக, விசுவாசம் மனிதனின் பங்கு. ஹிப்போவின் ஆயரான சிறிது காலத்தில், மிலான் நகரச் சிம்பிளிசியானுஸ் கேட்ட கேள்விகளுக்கு விடை எழுதத் தொடங்கினார். தாயின் வயிற்றிலேயே யாக்கோபு தெரிந்துகொள்ளப்பட்டதும் ஏசா தள்ளப்பட்டதும் எதனால் என்பது அவற்றுள் ஒன்று. பிறவாத குழந்தைகளுக்கு நற்செயல் ஏது? யாக்கோபு பின்னாளில் விசுவாசிப்பான் எனக் கடவுள் முன்னறிந்தார் என்ற பதிலும் போதவில்லை. விசுவாசத்தை முன்னறிந்தவர் செயலையும் முன்னறிந்திருப்பார். பவுலோ செயலைக் காரணமாக ஏற்கவில்லை. நம்மிடம் உள்ள யாவும் பெற்றுக்கொண்டவையே என்னும் 1 கொரிந்தியர் 4:7, விசுவாசத்துக்கும் விலக்குத் தரவில்லை. சுயாதீன சித்தத்துக்காகத் தாம் பாடுபட்டும் கடவுளின் கிருபையே வென்றது என்று, 427 வாக்கில் தம் நூல்களைத் திரும்பப் பார்த்தபோது அவரே பதிந்திருக்கிறார். எந்த எதிரியும் முன்னால் இல்லாதபோது, வேதவாசகத்தோடு மட்டும் மல்லாடிக் கிடைத்த முடிவு அது. அதன் மதிப்பு அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

பெலாஜியுஸுடனான சண்டை நன்கு அறியப்பட்டது. கட்டளையிடும் கடவுள் அதைக் கடைப்பிடிக்கும் வலிமையையும் மனிதனுக்குப் படைப்பிலேயே தந்துவிட்டார் என்றார் அவர். 418-ல் கார்த்தேஜ் சங்கம் அவருடைய போதனையைக் கண்டித்தது.

உண்மையான நெருக்கடி நண்பர்களிடமிருந்து வந்தது. ஹத்ருமேத்தும் நகர மடத்தில், இன்றைய துனிசியாவின் சூசில், அகுஸ்தீனின் பழைய கடிதம் ஒன்றை வாசித்த துறவிகளிடையே பூசல் மூண்டது. எல்லாம் கிருபை என்றால், தவறு செய்தவனை மடத்தலைவர் ஏன் கண்டிக்க வேண்டும்? அவனுக்காக ஜெபித்தால் போதாதா? மடத்தின் அன்றாட ஒழுங்கையே தொட்ட இந்தக் கேள்வியை அகுஸ்தீன் அலட்சியம் செய்யவில்லை. இரண்டு நூல்கள் எழுதினார். கண்டிக்கும் சொல்லும் கடவுள் கையாளும் கருவியாகலாம். அது யாரைத் திருப்பும் என்பது நமக்குத் தெரியாததாலேயே எல்லாரையும் அன்போடு கண்டிக்க வேண்டும் என்றார்.

மார்செய் பகுதித் துறவிகளின் தயக்கம் இன்னும் நுட்பமானது. அவர்களுள் ஒருவரான யோவான் காசியான் கிருபையை மறுத்தவர் அல்லர். சிலரிடத்தில் நல்ல விருப்பத்தின் தொடக்கம் மனிதனிடமிருந்தே எழுகிறது என்று மட்டும் கருதினார். முன்பு தாம் நின்ற இடம் ஏறத்தாழ அதுவே என்பதை அகுஸ்தீன் உணர்ந்திருந்தார். அதனால்தான் அவர்களுக்கு எழுதிய பதிலில் கடுமை குறைவு. ஆனால் சிலருக்கு விசுவாசம் கொடுக்கப்படாதது ஏன் என்பதற்கு, கடவுளின் தீர்ப்பு ஆராய முடியாதது என்பதற்கு மேல் அவரிடம் விடை இல்லை. இரக்கமே உருவான கடவுளை நம்புகிறவர்களுக்கு அது இன்றும் வலிக்கும் இடம். 430-ல் அவர் இறந்தார்; மார்செய் அமைந்த கால் தேசத்தில் சர்ச்சை ஓயவில்லை.

529 ஜூலையில், கால் தேசத்தின் தென்பகுதியிலுள்ள ஒராஞ்சில் ஓர் ஆலயத் திறப்புக்காகக் கூடிய ஆயர்கள், ஆர்ல் ஆயர் செசாரியுஸ் தலைமையில் 25 விதிகளை ஏற்றனர். பொதுநிலைப் பிரமுகர்களும் கையொப்பமிட்டனர். விசுவாசத்தின் வளர்ச்சி மட்டுமல்ல, அதன் தொடக்கமும், நம்ப வேண்டும் என்ற விருப்பமும்கூடக் கிருபையின் கொடையே என்று சங்கம் அறிவித்தது. கூடவே, எவரையும் தீமைக்கென்று கடவுள் முன்குறித்தார் என்பதை வன்மையாக மறுத்தது. அகுஸ்தீனின் இருதயத்தை எடுத்துக்கொண்டு, அவருடைய கடினமான முடிவுகளைச் சொல்லாமல் விட்டது. 531-ல் திருத்தந்தை இரண்டாம் போனிபாஸ் இதை உறுதிப்படுத்தினார்.

பின்னர், இடைக்காலத்தின் பெரும்பகுதியில் இவ்விதிகள் வழக்கொழிந்து கிடந்தன. 16-ஆம் நூற்றாண்டில்தான் மீண்டும் பரவலாக வாசிக்கப்பட்டன. சீர்திருத்தவாதி லூத்தர் இறந்த மறு ஆண்டு, 1547-ல், திரெந்து சங்கம் வெளியிட்ட ஆணையும், வளர்ந்தவர்களிடத்தில் நீதிமானாக்கப்படுதல் தொடங்குவது அவர்களுடைய தகுதி எதுவுமின்றி முந்தி வரும் கிருபையிலிருந்தே என்று கூறியது.