உடன்பிறந்தாரின் என்பு மச்சை: மைலோமா நோய்ச் சிகிச்சையில் ஒரு தீர்மானத்தின் வரலாறு

வைத்தியத்தின் வரலாற்றை எழுதுவோர் அதனைக் கண்டுபிடிப்புகளின் வரிசையாகவே பெரும்பாலும் எழுதி வந்துள்ளனர். புதிய மருந்து, புதிய கருவி, புதிய சத்திரசிகிச்சை என்ற ஒழுங்கில் அவ்வரலாறு நகர்கின்றது. கண்டுபிடிப்புகளின் முன்னே நின்று 'இதனை ஏற்பதா, மறுப்பதா' எனத் தீர்மானிக்க நேர்ந்த நோயாளருக்கு அதிற் கிடைத்த இடம் மிகச் சிறிது. ஆயினும் ஒரு சிகிச்சையின் உண்மையான பெறுமதி அத்தகைய தீர்மானங்களிலேயே சோதிக்கப்படுகின்றது. மைலோமா எனப்படும் என்பு மச்சைப் புற்றுநோய்க்குப் பிறர் ஒருவரின் மச்சையையோ மூலக்கலங்களையோ பெற்று நாட்டுவதா என்ற வினா இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக இவ்வினா கேட்கப்பட்டு வருகின்றது. ஒவ்வொரு பத்தாண்டிலும் அதன் விடை மாறியது. விடை மாறியபோது வினாவின் வடிவமும் மாறியது. அம்மாற்றத்தின் போக்கினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயும் அதன் முதற் பதிவுகளும்

மைலோமா பற்றிய தெளிவான முதற் பதிவுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி இலண்டனைச் சேர்ந்தவை. 1844ஆம் ஆண்டில் சாமுவேல் சொலி என்ற சத்திரவைத்தியர் சாரா நியூபெரி என்னும் 39 வயதுப் பெண்ணின் நோயை விவரித்தார். கணவர் அவளைத் தூக்கிப் படுக்கைக்குக் கொண்டுசென்றபோதே அவளது தொடை என்புகள் முறிந்தன. இறந்தபின் நடந்த பரிசோதனையில், என்புகளின் உள்ளே மச்சை இருக்கவேண்டிய இடத்தைச் செந்நிறப் பொருளொன்று நிரப்பியிருந்தமை தெரியவந்தது. அடுத்த ஆண்டில் மற்றொரு நோயாளியின் சிறுநீரை ஆராய்ந்த ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ், அதில் விசித்திரமான புரதமொன்றைக் கண்டார். சூடாக்குங்கால் கரைந்து, குளிருங்கால் மீண்டும் படியும் இயல்புடைய அப்புரதம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. பிறபொருளெதிரிகளை உண்டாக்கும் பிளாஸ்மாக் கலங்கள் மச்சையினுள் கட்டுக்கடங்காது பெருகி, என்பை அரித்து, சிறுநீரகத்தைச் சிதைத்து, குருதி உற்பத்தியையும் ஒடுக்குவதே இந்நோயின் இயல்பு என்பது பின்னரே தெளிவாயிற்று.

ஒரு நூற்றாண்டு காலம் இதற்கு மருந்தென்று சொல்லத்தக்கது எதுவும் இருக்கவில்லை. 1940களின் பிற்பகுதியில் யூறிதேன் என்ற மருந்து புழக்கத்துக்கு வந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அது வழங்கப்பட்டது. 1966இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒப்பீட்டு ஆய்வொன்று, சுவையூட்டிய பாகைக் குடித்தோரைவிட யூறிதேனை உண்டோர் எவ்வகையிலும் மேலாக வாழவில்லை எனக் காட்டியது. நம்பிக்கை மட்டும் ஒரு மருந்தை இருபது ஆண்டுகள் உயிரோடு வைத்திருக்கக்கூடும் என்ற இப்பாடம் பின்வரும் வரலாற்றுக்கும் பொருந்துவது. 1958இல் சோவியத் வைத்தியர்களால் முதலில் அறிவிக்கப்பட்டு 1960களில் நிலைபெற்ற மெல்பலான் என்ற மருந்தே முதன்முறையாக நோயைப் பின்வாங்கச் செய்தது. ஆயினும் பெரும்பாலான நோயாளருக்கு அது தந்தது மூன்றாண்டளவிலான வாழ்வே.

மச்சையை மாற்றும் எண்ணம்

மச்சையை மாற்றி நாட்டும் எண்ணம் மைலோமாவுக்காகத் தோன்றியதன்று. அணுகுண்டுக்குப் பிற்பட்ட உலகில், கதிர்வீச்சினால் மச்சை அழிந்தோரைக் காப்பது எவ்வாறு என்ற வினாவிலிருந்தே அது வளர்ந்தது. 1957இல் அமெரிக்காவின் கூப்பர்ஸ்ரவுன் நகரில் டொனால் தோமஸ், ஆறு நோயாளருக்குப் பிறரது மச்சையை நாளத்தின் வழியே செலுத்திய செய்தியை வெளியிட்டார். அறுவரில் எவரும் நூறு நாட்களுக்கு மேல் வாழவில்லை. 1958ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் யூகோசிலாவியாவின் வின்சா ஆய்வுநிலையத்தில் நிகழ்ந்த விபத்திலே கதிர்வீச்சுக்கு உள்ளான அறுவர் பரிசுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் ஐவருக்கு ஜோர்ஜ் மத்தே பிரெஞ்சுக் கொடையாளரின் மச்சையை வழங்கினார். ஒருவர் இறந்தார், ஏனையோர் பிழைத்தனர். அவர்களைக் காத்தது நாட்டப்பட்ட மச்சையா, அன்றித் தம் சொந்த மச்சையின் மீட்சியா என்பது பின்னர் விவாதத்துக்குரியதாயிற்று.

அடுத்த பத்தாண்டு தோல்விகளின் பத்தாண்டு. மச்சை பெற்றோருட் பெரும்பாலோர் இறந்தனர். பல ஆய்வாளர் இத்துறையையே கைவிட்டனர். கொடையாளரின் கலங்களை ஏற்பவரின் உடல் தள்ளிவிடுவது ஓர் இடர். நாட்டப்பட்ட கலங்களே ஏற்பவரின் தோலையும் குடலையும் ஈரலையும் அந்நியமெனக் கருதித் தாக்குவது அதனினும் கொடிய இடர். வெளியார் வீட்டினுள் குடியேறி வீட்டாரையே விரட்டுவதை இது ஒத்தது எனலாம். இதற்குரிய திறவுகோலை ஜீன் டோசே 1958இல் விவரித்த வெண்குருதிக்கலக் குறிகள் தந்தன. எச்.எல்.ஏ. என வழங்கும் இக்குறிகள் தாயிடமிருந்து ஒரு பாதியும் தந்தையிடமிருந்து மறு பாதியும் வருவன. ஆதலின் உடன்பிறந்தார் ஒருவர் முற்றாகப் பொருந்துவதற்குரிய வாய்ப்பு நான்கில் ஒன்றே. இவ்வறிவின் துணையுடன் 1968இல் மினசோற்றாவில் றொபேட் குட், பிறவியிலேயே நிர்ப்பீடனமற்ற குழந்தையொன்றுக்குச் சகோதரியின் மச்சையை வெற்றியுடன் நாட்டினார். 1977இல் சியாற்றிலிலிருந்து தோமஸ் குழுவினர், வேறெச் சிகிச்சையும் பயனளிக்காத நிலையை எய்தியிருந்த 100 லியூக்கேமியா நோயாளரின் முடிவுகளை வெளியிட்டனர். 13 பேர் நெடிது வாழ்ந்தனர். முன்னர் ஒருவர்கூட வாழாத இடத்தில் பதின்மூவர் வாழ்ந்தமை பெருஞ்செய்தியாயிற்று. 1990இல் தோமஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இக்காலத்திலேயே மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. நாட்டப்பட்ட கலங்கள் உடலைத் தாக்கிய நோயாளரிடத்து லியூக்கேமியா மீளுவது குறைவாயிருந்ததெனச் சியாற்றில் ஆய்வாளர் 1979இல் எடுத்துக்காட்டினர். தீங்கும் நன்மையும் ஒரே ஊற்றிலிருந்து பிறந்தன. புற்றுக்கலத்தைத் தேடி அழிக்கும் படையே தோலையும் குடலையும் அழித்தது. ஒன்றைத் தவிர்த்து மற்றொன்றைப் பெறும் வழி அன்று தெரிந்திருக்கவில்லை. இன்றும் முற்றாகத் தெரியவில்லை. கொடையாளர் மச்சை பற்றிய தீர்மானத்தின் கடினம் முழுவதும் இந்த முரணிலேயே அடங்கியுள்ளது.

கணக்கும் உயிரும்

மைலோமா நோயாளருக்கு இரு பாதைகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் திறந்தன. 1983இல் இங்கிலாந்தில் மக்எல்வெயினும் பவுல்சும் மெல்பலானை மிக உயர்ந்த அளவில் வழங்கினால் நோய் முற்றாக மறையக்கூடும் எனக் காட்டினர். அவ்வளவு மருந்து மச்சையை அழிக்குமாதலின், நோயாளியின் சொந்த மூலக்கலங்களை முன்னரே எடுத்துவைத்து மீள வழங்கும் முறை வளர்ந்தது. மற்றைய பாதை உடன்பிறந்தாரின் மச்சையை நாடியது. 1991இல் சுவீடனைச் சேர்ந்த கார்ட்டன் தலைமையில் ஐரோப்பிய ஆய்வாளர், அவ்வாறு மச்சை பெற்ற 90 மைலோமா நோயாளரின் வரலாற்றை வெளியிட்டனர். குறிப்பிடத்தக்க பகுதியினரிடத்து நோய் முற்றாக மறைந்தது. அவர்களுட் சிலரிடத்து அது ஆண்டுக்கணக்கில் மீளவில்லை. 'குணமாதல்' என்ற சொல் மைலோமாவின் வரலாற்றில் முதன்முறையாகப் பொறுப்புடன் உச்சரிக்கப்பட்டது.

அதற்குரிய விலை 1996இல் தெளிவாயிற்று. பிறரது மச்சையைப் பெற்ற 189 பேரையும் தம் சொந்தக் கலங்களைப் பெற்ற 189 பேரையும் ஐரோப்பியப் பதிவேட்டிலிருந்து எடுத்து ஒப்பிட்டபோது, முதற்றொகுதியில் நூற்றுக்கு 41 பேர் சிகிச்சையினாலேயே இறந்திருந்தனர். இரண்டாந் தொகுதியில் அவ்வாறு இறந்தோர் நூற்றுக்கு 13 பேர். வாழ்வின் இடைப்பெறுமானம் முறையே 18 மாதங்களும் 34 மாதங்களுமாக இருந்தது. அமெரிக்காவின் பெரிய ஆய்வொன்றில் கொடையாளர் மச்சைக்குரிய பிரிவு 36 நோயாளருடன் நிறுத்தப்பட்டது; முதலாண்டிலேயே பாதிக்கு மேற்பட்டோர் இறந்தமையே அதற்குக் காரணம். ஆயினும் அதே ஆய்வின் முடிவு 2006இல் வெளிவந்தபோது வியப்பொன்று காத்திருந்தது. ஏழாண்டுகளின் பின் இரு பிரிவிலும் உயிருடனிருந்தோர் சமமாக நூற்றுக்கு 39 பேர். சொந்தக் கலங்களைப் பெற்றோரின் வாழ்வுக்கோடு மெதுவாக, ஆனால் நில்லாது இறங்கியது. பிறர் மச்சையைப் பெற்றோரின் கோடு செங்குத்தாக வீழ்ந்து, பின் சமதரையில் நின்றது.

இவ்விரு கோடுகளையும் ஒருங்கே நோக்குவோர் தீர்மானத்தின் இயல்பினை உணர்வர். முதல் ஓராண்டை இழக்கவியலாதவர் எந்தக் கோட்டைத் தெரிவார்? இருபதாண்டு வேண்டுவோர் எதனைத் தெரிவார்? சராசரி இதற்கு விடை தராது. நூற்றுவரின் கணக்கைச் சொல்வதற்கு வைத்தியருக்கு உரிமையுண்டு. ஆனால் நோயாளி நூற்றுவராக வாழ்வதில்லை, ஒருவராகவே வாழ்கின்றார். 1947ஆம் ஆண்டின் நியூரெம்பேர்க் நெறிகளும் 1964ஆம் ஆண்டின் ஹெல்சிங்கிப் பிரகடனமும் ஆய்வுக்கு உட்படுவோரின் அறிந்த இசைவை வற்புறுத்தியிருந்தன. எனினும் 'அறிந்த' என்ற சொல் இங்கு எவ்வளவு கடினமானது என்பதை மைலோமாவின் வரலாறு புலப்படுத்துகின்றது. அறியவேண்டியவற்றை வைத்தியரே இன்னும் அறிந்துகொண்டிருந்தனர்.

உடன்பிறப்பு என்னும் குடவோலை

1990களின் இறுதியில் சியாற்றிலிலே ஸ்ரோப் முதலானோர் புதுவழியொன்றை வகுத்தனர். ஏற்பவரின் மச்சையைக் கடும் மருந்தால் அழிக்காது, இலேசான கதிர்வீச்சால் அவரது நிர்ப்பீடனத்தை மட்டும் தணித்து, அழிக்கும் வேலையைக் கொடையாளரின் கலங்களிடமே விட்டுவிடுவது இம்முறையின் சாரம். முதலிற் சொந்தக் கலங்களுடன் உயர்ந்த அளவு மெல்பலான், சில மாதங்களின் பின் உடன்பிறந்தாரின் கலங்கள் என்ற இருபடி ஒழுங்கு உருவாயிற்று. இடுப்பென்பைத் துளைத்து மச்சை எடுக்கும் முறைக்குப் பதிலாகக் குருதியிலிருந்தே மூலக்கலங்களைப் பிரித்தெடுக்கும் முறையும் பரவிற்று.

இதனைச் சோதித்த ஆய்வுகளின் அமைப்பு கருதத்தக்கது. நோயாளரைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதற்குப் பதிலாக, பொருந்தும் உடன்பிறந்தார் உள்ளவர், இல்லாதவர் எனப் பிரித்தனர். பிறப்பே இங்குக் குடவோலையாயிற்று. 2007இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வில், பொருந்தும் உடன்பிறந்தார் உள்ள 80 பேரின் வாழ்வின் இடைப்பெறுமானம் 80 மாதங்கள். இல்லாத 82 பேருக்கு 54 மாதங்கள். வினா தீர்ந்துவிட்டதெனச் சிலர் கருதினர். ஆனால் 710 நோயாளரை உட்கொண்ட அமெரிக்க ஆய்வு 2011இல் வேறுவிதமாகப் பேசியது. சாதாரண இடர்நிலையினருள் மூன்றாண்டின் பின் உயிருடனிருந்தோர் உடன்பிறந்தாரின் கலங்களைப் பெற்ற பிரிவில் நூற்றுக்கு 77 பேர். சொந்தக் கலங்களை இருமுறை பெற்ற பிரிவில் 80 பேர். 2013இல் ஐரோப்பிய ஆய்வு எட்டாண்டுக் கணக்கை முன்வைத்தபோது தராசு மீண்டும் சாய்ந்தது. கொடையாளர் உள்ள பிரிவில் 49, இல்லாத பிரிவில் 36. மூன்றாண்டில் நோக்கியோர் ஒன்றையும் எட்டாண்டில் நோக்கியோர் வேறொன்றையும் கண்டனர். எத்தனை ஆண்டு காத்திருந்து எண்ணுவது என்பதும் தீர்மானத்தின் ஓர் உறுப்பே என்பது இதனாற் பெறப்படுகின்றது.

இவ்வாய்வுகளின் அட்டவணைகளில் இடம்பெறாத ஒருவரையும் இவ்விடத்திற் குறிப்பிடல் வேண்டும். அவர் கொடையாளர். உடன்பிறந்தாருட் பொருந்துபவர் இவரே எனப் பரிசோதனை சொல்லிவிட்டால், மறுக்கும் உரிமை அவருக்கு ஏட்டளவில் உண்டு. குடும்பத்தினுள் அவ்வுரிமையைக் கையாளுதல் எளிதன்று. தாம் அளித்த கலங்களே உடன்பிறந்தாரைத் தாக்கி மாய்க்குமாயின் அச்சுமையும் அவரைச் சாரும். உடன்பிறந்தாருட் பொருந்துவோர் அற்றவர்கள் 1970களிலிருந்து வளர்ந்த தொண்டர் பதிவேடுகளை நாட நேர்ந்தது. அங்கும் சமத்துவம் இருக்கவில்லை. 2014இல் வெளிவந்த அமெரிக்கக் கணிப்பின்படி முற்றாகப் பொருந்தும் கொடையாளரைப் பதிவேட்டிற் காணும் வாய்ப்பு ஐரோப்பிய வழிவந்த வெள்ளையருக்கு நூற்றுக்கு 75. ஆபிரிக்க அமெரிக்கருக்கு 19. கறுப்பினத்தவரிடையே மைலோமா ஏறத்தாழ இருமடங்கு காணப்படுவதை நோக்குமிடத்து இவ்வேறுபாட்டின் கொடுமை புலனாகும்.

மாறிய வினா

இவ்விவாதம் முடிவதற்குள் களமே மாறிவிட்டது. 1999இல் தலிடொமைட் மைலோமாவில் பயனளிப்பது அறிவிக்கப்பட்டது. கருவிலிருந்த குழந்தைகளை ஊனப்படுத்திய பழிச்சொல்லைச் சுமந்த மருந்தே இங்கு உயிர்காத்தது. 2003இல் போற்றெசொமிப், 2006இல் லெனலிடொமைட், 2015இல் டராற்றுமுமாப் என மருந்துகள் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றன. 2021இலும் 2022இலும், நோயாளியின் சொந்த நிணநீர்க்கலங்களையே மாற்றியமைத்து மைலோமாவுக்கு எதிராக ஏவும் இரு சிகிச்சைகள் அங்கு அங்கீகரிக்கப்பட்டன. கொடையாளரின் கலங்களிடம் வைத்தியர் எதிர்பார்த்த வேலையை, அவற்றின் உடலெதிர்ப்பு இன்றிப் பெறும் முயற்சியே இது. இதன் விளைவாக, கொடையாளர் மூலக்கல நாட்டல் இன்று பெரும்பாலும் இளவயதினரான, கொடிய இயல்புடைய நோயுற்றோருக்கும் முறையான ஆய்வுகளுக்குமே உரியதாகச் சுருங்கியுள்ளது.

இம்மாற்றத்தின் பொருளை நாற்பத்தைந்து வயதினர் ஒருவரை எண்ணிப்பார்த்து விளங்கலாம். 1985இல் அவர்முன் நின்ற தெரிவு, மூன்றாண்டு வாழ்வுக்கும் மரணத்தை முன்னழைக்கக்கூடிய சிறு நம்பிக்கைக்கும் இடைப்பட்டது. 2005இல் அது ஐந்தாறு ஆண்டுக்கும் குணமாதற்குரிய வாய்ப்புக்கும் இடைப்பட்டதாயிற்று. இன்றோ மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பெற்றுப் பல்லாண்டு வாழலாம் என்ற எதிர்பார்ப்புக்கும் பழைய ஆபத்துக்கும் இடைப்பட்டு நிற்கின்றது. காத்திருத்தலே ஒரு சிகிச்சையாகிவிட்டது. ஆனால் காத்திருப்போருக்கு வயதேறும், நோய் மருந்துக்கு அடங்காததாகும், உடலின் வலு குறையும். பின்னர் நாடும்போது அக்கதவு அடைபட்டிருத்தலும் கூடும்.

1985இல் உடன்பிறந்தாரின் மச்சையை ஏற்று இறந்தவர் தவறாகத் தீர்மானித்தார் என்றோ, மறுத்து மூன்றாண்டு வாழ்ந்தவர் சரியாகத் தீர்மானித்தார் என்றோ இன்று சொல்லுதல் வரலாற்றறிவுக்கு ஏற்றதன்று. ஒவ்வொருவரும் தம் காலத்து அறிவின் ஒளியிலேயே, அது விழுந்த தூரம்வரை நோக்கி, நடந்தனர். பின்வந்தோருக்குக் கிட்டிய 41, 13, 39 என்ற எண்கள் யாவும் அவ்வாறு நடந்தோரின் வாழ்வும் சாவும் கூடித் திரண்டவை. இன்று ஒரு நோயாளி தம் வைத்தியரின் முன்னமர்ந்து இவ்வெண்களைக் கேட்கும்போது, முன்னர் தீர்மானித்தோர் அனைவரும் அவ்வறையில் உடனிருக்கின்றனர். தீர்மானம் மட்டும் அவருக்கே உரியது.