அட்டன்பரோ: ஓர் அரிய ஆங்கிலக் குடும்பப் பெயரின் வரலாறு

அட்டன்பரோ என்பது இங்கிலாந்தில் அரிதாக வழங்கும் குடும்பப் பெயர்களுள் ஒன்றாகும். 'காந்தி' திரைப்படத்தை 1982ஆம் ஆண்டு இயக்கி வெளியிட்ட ரிச்சர்ட் அட்டன்பரோ, இயற்கை பற்றிய தொலைக்காட்சித் தொடர்களால் உலகறிந்த அவருடைய தம்பி டேவிட் அட்டன்பரோ ஆகிய இருவராலும் இப்பெயர் எங்கும் பழக்கமாகிவிட்டது. அதனால் பலரும் தாங்கும் பெயர் போல இது தோன்றும். உண்மையில் பழைய பதிவேடுகளில் இப்பெயருடையோர் இங்கிலாந்தின் நடுப்பகுதியில், டிரென்ட் ஆற்றை ஒட்டிய ஒரு சிறு வட்டாரத்திலேயே பெரும்பாலும் காணப்படுகின்றனர். அந்த வட்டாரத்தின் நடுவே இதே பெயருடைய ஒரு சிற்றூர் இருக்கிறது.

மன்னர்களுக்கும் பிரபுக்களுக்கும் எழுதிவைக்கப்பட்ட வம்சாவளி உண்டு. உழவர், நெசவாளர், கடைக்காரர் ஆகியோருக்கு அப்படி எதுவும் இல்லை. அத்தகைய எளிய குடும்பங்களின் பழமையை அறியப் பல வேளைகளில் அவர்களுடைய பெயர் ஒன்றே சான்றாக எஞ்சுகிறது. அந்தச் சான்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு அட்டன்பரோ என்னும் பெயர் நல்ல எடுத்துக்காட்டு.

ஊர்ப் பெயரின் தோற்றம்

அட்டன்பரோ என்னும் ஊர் நாட்டிங்காம் நகருக்குத் தென்மேற்கே, டிரென்ட் ஆற்றின் வடகரையில் உள்ளது. எரிவாஷ் என்னும் சிற்றாறு இவ்வூரின் அருகே டிரென்ட்டுடன் கலக்கிறது. இவ்வூர்ப் பெயர் ஆங்கிலோ-சாக்சன் மக்கள் பேசிய பழைய ஆங்கிலத்தில் பிறந்தது. பெயரின் முதற்பகுதி 'அட்டா' அல்லது அதையொத்த ஓர் ஆளின் பெயர். பிற்பகுதி 'புர்ஹ்' என்னும் சொல். அரண் சூழ்ந்த இடம், கோட்டை என்பது அதன் பொருள். ஆகவே 'அட்டாவின் அரண்' என்பதே ஊர்ப் பெயரின் பொருளாகும். அந்த அட்டாவைப் பற்றி வேறு செய்தி எதுவும் இல்லை. அவனுடைய பெயர் ஊரின் பெயருக்குள் மட்டும் தங்கிவிட்டது.

'புர்ஹ்' என்னும் சொல் ஆங்கில ஊர்ப் பெயர்கள் பலவற்றில் வெவ்வேறு வடிவங்களில் வாழ்கிறது. பீட்டர்பரோ, ஸ்கார்பரோ ஆகியவற்றின் 'பரோ', கேன்டர்பரியின் 'பரி' ஆகியன எல்லாம் இச்சொல்லின் திரிபுகளே.

ஊர்ப் பெயர் குடும்பப் பெயராதல்

இங்கிலாந்தில் தந்தையிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்கும் குடும்பப் பெயர், 1066இல் நடந்த நார்மானியப் படையெடுப்புக்குப் பிறகே வேரூன்றியது. முதலில் நிலவுடைமைப் பிரபுக்கள் தங்கள் நிலத்தின் பெயரைத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்டனர். பின்னர் வழக்கம் மெல்லக் கீழிறங்கியது. 1400ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் பெரும்பாலான குடும்பங்களுக்கு நிலையான பெயர் அமைந்துவிட்டது. ஜான், வில்லியம், ராபர்ட் போன்ற சில பெயர்களையே ஆண்களுள் மிகப் பலர் தாங்கியிருந்தனர். வரி வாங்கவும் வழக்கு விசாரிக்கவும் ஒரு ஜானை இன்னொரு ஜானிடமிருந்து பிரித்தறிய வேண்டியிருந்தது. தொழில், தந்தை பெயர், உடல் அடையாளம், ஊர் ஆகிய நான்கும் இதற்குப் பெரிதும் பயன்பட்டன.

இவற்றுள் ஊர்ப் பெயர் ஒட்டிக்கொள்ளும் முறை கவனிக்கத்தக்கது. அட்டன்பரோவுக்குள்ளேயே வாழும் ஒருவரை 'அட்டன்பரோக்காரர்' என்று அழைப்பதில் பயனில்லை. அங்கு எல்லாரும் அவ்வூர்க்காரர்களே. ஊரை விட்டு வெளியேறிப் பக்கத்து ஊரில் குடியேறும்போதுதான் அந்த அடையாளம் தேவைப்படுகிறது. அதனால் ஊரால் அமைந்த குடும்பப் பெயர் பெரும்பாலும் அவ்வூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பிறக்கிறது.

இதே ஊரில் 1611இல் பிறந்த ஹென்றி அயர்டன் இதற்கு மறுபக்கச் சான்று. ஆலிவர் கிராம்வெல்லின் மருமகனும் உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றப் படையின் தளபதியுமான இவருடைய குடும்பப் பெயர், அண்டை மாவட்டமான டார்பிஷயரில் உள்ள அயர்டன் என்னும் இடத்தைக் குறிக்கிறது. அயர்டனிலிருந்து வந்தவர்களின் வழியினர் அட்டன்பரோவில் அயர்டன் என்றே அறியப்பட்டனர். அட்டன்பரோவிலிருந்து வெளியே போனவர்கள் அட்டன்பரோ என்று அறியப்பட்டனர்.

மற்றொரு விளக்கம்

ஒலியை மட்டும் பார்த்தால் இப்பெயருக்கு வேறொரு பொருளும் சொல்ல முடியும். நடுக்கால ஆங்கிலத்தில் 'அட்டன்' என்றால் 'அந்த இடத்தில்' என்று பொருள். 'காட்டருகே வாழ்பவர்' என்பதிலிருந்து அட்வுட் என்னும் பெயர் வந்தது. 'அட்டன் ஆஷ்', அதாவது 'ஆஷ் மரத்தடியில் வாழ்பவர்' என்னும் தொடர் தேய்ந்து நாஷ் என்னும் பெயர் ஆனது. இம்முறையில் அட்டன்பரோ என்பதற்குக் 'கோட்டையருகே வாழ்பவர்' என்றும் பொருள் கூறலாம்.

இவ்விரு விளக்கங்களுள் எது பொருந்தும் என்பதை அகராதியால் மட்டும் முடிவு செய்ய இயலாது. இங்கே புவியியல் துணைக்கு வருகிறது. கோட்டைகளும் அரண்களும் நாடெங்கும் இருந்தன. 'கோட்டையருகே வாழ்பவர்' என்பதே பொருளானால், தொடர்பில்லாத பல மாவட்டங்களில் இப்பெயர் தனித்தனியே முளைத்திருக்கும். ஆனால் இப்பெயரின் செறிவு ஓர் ஊரைச் சுற்றியே அமைந்துள்ளது. எனவே ஊர்ப் பெயரிலிருந்து வந்தது என்னும் விளக்கமே வலுவானது.

பெயர் பரவிய நிலப்பரப்பு

பெயர்களின் பரவலை அறிய மூன்று வகைப் பதிவுகள் உதவுகின்றன. 1538 முதல் தேவாலயங்களில் எழுதப்பட்ட ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பற்றிய பதிவேடுகள் முதல் வகை. 1837 ஜூலையில் இங்கிலாந்திலும் வேல்சிலும் தொடங்கிய அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு இரண்டாம் வகை. பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் மக்கள்தொகைக் கணக்கு மூன்றாவது. முழுமையாகப் படியெடுக்கப்பட்டுள்ள 1881ஆம் ஆண்டுக் கணக்கைக் கொண்டு எந்தப் பெயருக்கும் ஒரு நிலப்படம் வரையலாம்.

அந்தக் கணக்கில் ஸ்மித் என்னும் பெயருடையோர் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். ஊருக்கு ஊர் கொல்லர் இருந்ததால் நாடெங்கும் ஸ்மித்துகள் தோன்றினர். அப்பெயரை வைத்து ஒருவருடைய மூதாதையர் எந்த ஊரினர் என்று கூற முடியாது. அட்டன்பரோ என்னும் பெயரோ நாட்டிங்காம்ஷயரிலும் அதை அடுத்துள்ள டார்பிஷயர்ப் பகுதியிலும் செறிந்திருக்கிறது. பெயர் தோன்றி ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகி, இருப்புப்பாதைகளும் ஆலைகளும் வந்த பிறகும் அக்குடும்பங்களில் பல பிறந்த வட்டாரத்தை விட்டு வெகுதூரம் போகவில்லை.

ஹென்றி புரோம் கப்பி என்பவர் 1890இல் வெளியிட்ட நூலில் பெயர்களின் தாயகங்களை ஆராய்ந்தபோது, உழவர்களின் பெயர்களையே எடுத்துக்கொண்டார். நிலத்தோடு பிணைந்த உழவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே இடம்பெயர்வர் என்பது அவர் கருத்து. அட்டன்பரோ போன்ற பெயர்கள் அக்கருத்துக்கு அரண் செய்கின்றன.

எனினும் எல்லாக் குடும்பங்களும் அங்கேயே தங்கிவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டில் லண்டனின் ஃபிளீட் தெருப் பகுதியில் அட்டன்பரோ குடும்பத்தார் அடகுக்கடையும் நகைக்கடையும் நடத்தினர்.

எழுத்து வேறுபாடுகள்

ஒரு பெயர் இப்படித்தான் எழுதப்பட வேண்டும் என்னும் கட்டாயம் பல நூற்றாண்டுகள் இருக்கவில்லை. பெயருக்குரியவர் எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தால், தேவாலயக் குருவோ எழுத்தரோ தம் காதில் விழுந்தபடி எழுதினார். இதனால் பெயரின் இறுதிப் பகுதி 'பரோ', 'பாரோ', 'பர்ரோ' எனப் பலவாறு பதிவாயிற்று. பரம்பரையைத் தேடும் மாணவர்கள் இவற்றை வெவ்வேறு குடும்பங்கள் என எண்ணிவிடக் கூடாது. ஒரே வீட்டாரின் பெயர் இரண்டு பதிவேடுகளில் இரண்டு விதமாக இருப்பது இயல்பே.

மரபணு ஆய்வு தரும் சான்று

ஒரே ஊரிலிருந்து வெளியேறிய பலர், உறவில்லாமலே ஒரே பெயரைப் பெற்றிருக்க முடியும். எனவே அட்டன்பரோ குடும்பங்கள் அனைத்தும் ஒரே முன்னோரின் வழி வந்தவையா என்னும் கேள்வி எழுகிறது. இதற்கு விடை காண உயிரியல் ஒரு வழி காட்டியது. ஆண்களிடம் மட்டும் உள்ள ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்குகிறது. ஆங்கிலேயக் குடும்பப் பெயரும் வழக்கமாக அதே வழியில் இறங்குகிறது. இரண்டும் சேர்ந்தே பயணம் செய்திருந்தால், ஒரே பெயருடைய ஆண்களிடம் ஒரே வகை ஒய் குரோமோசோம் இருக்க வேண்டும்.

2000ஆம் ஆண்டு பிரையன் சைக்ஸ், கேத்தரின் இர்வன் ஆகியோர் சைக்ஸ் என்னும் பெயருடைய 48 ஆண்களைச் சோதித்தனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஒரே வகை காணப்பட்டது. பின்னர் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங், மார்க் ஜாப்ளிங் ஆகியோர் 40 குடும்பப் பெயர்களைச் சேர்ந்த ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட ஆண்களை ஆராய்ந்து 2009இல் முடிவுகளை வெளியிட்டனர். ஸ்மித் போன்ற பெயர்களில் நாட்டு மக்கள் அனைவரிடமும் உள்ள அளவு வேறுபாடு இருந்தது. அட்டன்பரோ பெயருடையோரில், எழுத்து வேறுபாடுகளையும் சேர்த்தே, பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் ஒரே வகையைக் கொண்டிருந்தனர். இன்றுள்ள அட்டன்பரோக்களுள் மிகப் பெரும்பாலோர் தந்தை வழியில் ஒரே முன்னோரிடம் சென்று சேர்கின்றனர் என்பதே இதன் பொருள். எழுத்து வேறானாலும் குடும்பம் ஒன்றே என்பதும் இதனால் தெளிவாயிற்று.

ஆனால் தொடக்கத்தில் ஒரே ஓர் அட்டன்பரோதான் இருந்தார் என்று இதிலிருந்து முடிவு செய்துவிடலாகாது. ஆண் வாரிசு இல்லாத கிளையில் பெயர் மறைந்துவிடும். பிரான்சிஸ் கால்டன், ஹென்றி வாட்சன் ஆகியோர் குடும்பப் பெயர்கள் அழியும் வாய்ப்பைக் கணித முறையில் ஆராய்ந்து 1874இல் கட்டுரை எழுதினர். போரோ கொள்ளைநோயோ இல்லாவிடினும், தற்செயலாகவே பல கிளைகள் காலப்போக்கில் அற்றுப்போகும் என்பதை அக்கணிதம் காட்டுகிறது. 1348இல் இங்கிலாந்தை அடைந்த கொள்ளைநோயோ மக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் குறையாமல் கொன்றது. தொடக்கத்தில் பல கிளைகள் இருந்து, ஒன்று மட்டும் தழைத்திருக்கவும் கூடும். அதே போலப் பொது வகையில் சேராத சிலரும் அந்நியர் ஆகிவிடுவதில்லை. தத்தெடுப்பு, திருமணத்திற்குப் புறம்பான பிறப்பு, தாய்வழிப் பெயரை ஏற்பது ஆகியவற்றாலும் பெயர் ஒரு வழியாகவும் குருதி வேறு வழியாகவும் செல்வதுண்டு. பெயர் என்பது வளர்த்தவர் தந்த உரிமையும் ஆகும்.

புகழ்பெற்ற குடும்பம்

ரிச்சர்ட், டேவிட் ஆகியோரின் தந்தை ஃபிரெடரிக் அட்டன்பரோ 1887இல் பிறந்தார். அவருடைய குடும்பத்தார் அட்டன்பரோவுக்கு அருகிலுள்ள ஸ்டேபிள்ஃபோர்டில் கடை வைத்திருந்தனர். ஃபிரெடரிக் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி, பின்னர் கேம்பிரிட்ஜில் பயின்று ஆங்கிலோ-சாக்சன் அறிஞரானார். பண்டைய ஆங்கில மன்னர்களின் சட்டங்களைப் பதிப்பித்து 1922இல் வெளியிட்டார். தம் பெயர் எந்த மொழியில் பிறந்ததோ அந்த மொழியே அவருடைய ஆய்வுக்களமாக அமைந்தது.

1932 முதல் 1951 வரை அவர் லெஸ்டர் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல்வராக இருந்தார். அக்காலத்திலேயே, 1948இல், இங்கிலாந்து வட்டார வரலாற்றுக்கான துறை அங்கே தொடங்கப்பட்டது. கல்லூரி 1957இல் பல்கலைக்கழகமாயிற்று. ஆங்கிலக் குடும்பப் பெயர்களை மாவட்டவாரியாக ஆராயும் திட்டம் 1965இல் அங்கு உருவானது. அலெக் ஜெஃப்ரிஸ் 1984இல் மரபணு அடையாள முறையைக் கண்டறிந்ததும் அதே பல்கலைக்கழகத்தில்தான். அட்டன்பரோ என்னும் பெயரின் மரபணு வரலாறும் பின்னர் அங்கேயே ஆராயப்பட்டது.

ஊரும் பெயரும் இன்று

அட்டன்பரோவில் சரளைக்கல் தோண்டியெடுத்த பள்ளங்களில் நீர் நிரம்பி ஏரிகளாயின. நீர்ப்பறவைகள் வந்து தங்கும் அப்பகுதி இயற்கைக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டு, 1966இல் டேவிட் அட்டன்பரோவால் திறந்துவைக்கப்பட்டது. ஊரின் பெயரைத் தாங்கியவர் அந்த ஊரிலேயே அதைத் திறந்துவைத்தார். பிலிப்பைன்ஸின் பலவான் தீவில் கண்டறியப்பட்டு 2009இல் விவரிக்கப்பட்ட ஒரு பெரிய குடுவைச் செடியின் அறிவியல் பெயரும் அவரைச் சிறப்பிக்கிறது. டிரென்ட் கரையில் அரண் அமைத்த அட்டா என்பவனின் பெயர் இவ்வாறு ஊர், குடும்பம், செடி என மூன்று நிலைகளைக் கடந்துள்ளது.

ஒரே பெயர் என்பதால் ஒரே குடும்பம் என்று கொள்வது பெரும்பாலான பெயர்களுக்குப் பொருந்தாது. அட்டன்பரோவுக்கு அது பெரிதும் பொருந்துவதற்கு அதன் அருமையே காரணம். ஊரின் பொருள், பதிவேடுகள், நிலப்படம், மரபணு ஆகிய நான்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால்தான் இந்த முடிவை நம்ப முடிகிறது. இவற்றுள் ஒன்றை மட்டும் கொண்டு ஒரு குடும்பத்தின் பழமையை நிறுவ முயல்வது பிழையான முடிவுகளுக்கே இட்டுச் செல்லும்.