குளோரின் போட்டும் போகாத பாசி.. வீட்டு நீச்சல் குளம் அடிக்கடி பச்சையாவது ஏன்?

"போன வாரம்தானே க்ளீன் பண்ணோம்? மறுபடியும் பச்சையாயிடுச்சே!" பண்ணை வீட்டிலோ மொட்டை மாடியிலோ நீச்சல் குளம் வைத்திருப்பவர்களின் வழக்கமான புலம்பல் இது. குளோரின் போட்டால் தண்ணீர் தெளிகிறது. சில நாட்களிலேயே பாசி திரும்பி வந்துவிடுகிறது. என்ன காரணம்? எப்படி சரிசெய்வது?

ஒலிம்பிக் குளமே பச்சையான கதை

2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக்கின் டைவிங் குளம் திடீரென பச்சையாக மாறியது. 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடு தவறுதலாக ஊற்றப்பட்டதாகவும், அது குளோரினின் வேலையை முறித்துவிட்டதாகவும் போட்டி அமைப்பாளர்கள் விளக்கம் கொடுத்தார்கள். குளோரின் போட்டோமா என்பதைவிட, போட்ட குளோரின் வேலை செய்கிறதா என்பதுதான் முக்கியம். வீட்டுக் குளத்துக்கும் இதே பாடம்தான்.

டெஸ்ட் கிட்டில் குளோரின் காட்டுகிறதே?

இங்கேதான் பலரும் ஏமாந்து போகிறார்கள். கடைகளில் கிடைக்கும் டிசிசிஏ மாத்திரைகளில் குளோரினோடு சயனூரிக் ஆசிட் என்ற பொருளும் இருக்கிறது. வெயிலில் குளோரின் சீக்கிரம் அழிந்துவிடாமல் காப்பது இதன் வேலை. 30 முதல் 50 பிபிஎம் வரை இருந்தால் நல்லது. ஆனால் குளோரின் செலவாகிவிடும். சயனூரிக் ஆசிட் தண்ணீரிலேயே தங்கிவிடும்.

50,000 லிட்டர் குளத்தில் 1 கிலோ மாத்திரை கரைந்தால் இது சுமார் 11 பிபிஎம் கூடும். 9 கிலோ கரைந்தால் 100 பிபிஎம்! இந்த அளவுக்குப் போனால், கிட்டில் 2 பிபிஎம் குளோரின் காட்டினாலும் பாசியைக் கொல்லும் வேகம் அதற்கு இருக்காது. ஆவியாகிப் போகாத பொருள் என்பதால், பழைய தண்ணீரை வெளியேற்றி புதுத் தண்ணீர் விடுவதுதான் எளிய வழி. 100-ஐ 50 ஆக்க பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும்.

மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே இருக்கும்போது குளத்தை முழுசா காலி பண்ணாதீங்க. அடியிலிருந்து வரும் அழுத்தம் குளத்தையே மேலே தூக்கிவிடலாம்.

சரிசெய்வது எப்படி?

1. முதலில் பிஎச் பாருங்கள். 7.2 முதல் 7.6 வரை இருக்கட்டும். பிஎச் 8-ஐத் தொட்டால் குளோரினின் வீரியம் பெருமளவு குறைந்துவிடும்.

2. சுவர், படிக்கட்டு, ஏணியின் பின்பக்கம், லைட் விளிம்பு என எல்லா இடத்தையும் பிரஷ் போட்டுத் தேயுங்கள். தண்ணீர் ஓட்டம் இல்லாத மூலைகளில்தான் பாசி ஒளிந்திருக்கும்.

3. சூரியன் மறைந்த பிறகு திரவ குளோரின் ஊற்றி, அளவை 10 பிபிஎம்-க்கு மேல் கொண்டுபோங்கள். இதில் சயனூரிக் ஆசிட் கிடையாது.

4. தண்ணீர் தெளியும்வரை ஃபில்டர் நிற்காமல் ஓடட்டும். பிரஷர் ஏறினால் பேக்வாஷ் செய்யுங்கள்.

5. இரவில் ஒரு முறை, சூரியன் உதிக்கும் முன் ஒரு முறை குளோரின் அளவைப் பாருங்கள். 1 பிபிஎம்-க்கு மேல் குறைந்திருந்தால் பாசி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். திரும்ப குளோரின் போட வேண்டும்.

பலர் தவறு செய்வது இந்த ஐந்தாவது இடத்தில்தான். தண்ணீர் தெளிந்ததுமே "சரியாயிடுச்சு" என்று நிறுத்திவிடுகிறார்கள். மிச்சமிருக்கும் பாசி மறுபடியும் பெருகிவிடுகிறது.

இதை மட்டும் செய்யாதீங்க

ஆசிட்டையும் குளோரினையும் ஒன்றாகக் கலந்தால் விஷவாயு கிளம்பும். டிசிசிஏ மாத்திரையையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே பாத்திரத்தில் போட்டால் தீப்பிடிக்கலாம், வெடிக்கவும் செய்யலாம். இரண்டையும் ஒரே கரண்டியால் அள்ளக்கூட வேண்டாம்.

பச்சைத் தண்ணீரில் குளிக்கலாமா?

கூடவே கூடாது. பாசியைவிட பெரிய ஆபத்து, குளத்தின் அடித்தளம் தெரியாமல் போவதுதான். குழந்தை ஒன்று உள்ளே மூழ்கினால் மேலே நிற்பவர்களுக்குத் தெரியாது. பாசிபடிந்த படிகள் வழுக்கும். ஆள் இல்லாத பண்ணை வீட்டில் தேங்கிய குளம் கொசுவுக்கும் வீடாகிவிடும். குளத்தின் அடி பளிச்சென்று தெரிந்து, குளோரினும் வழக்கமான அளவுக்கு இறங்கும்வரை யாரையும் இறங்க விடக்கூடாது. அதுவரை குளத்துக்குப் போகும் கதவைப் பூட்டியே வையுங்கள்.

அதன்பிறகு வாரம் இருமுறை குளோரின், பிஎச் சோதனை; வாரம் ஒருமுறை பிரஷ்; மாதம் ஒருமுறை சயனூரிக் ஆசிட் சோதனை. இதை விடாமல் செய்தால் பாசிக்கு மருந்து வாங்கும் செலவே பெரும்பாலும் இருக்காது.