பிரஜாவுரிமைச் சட்டங்களும் நீதிமன்றத் தீர்ப்புகளும்: ஊவாத் தோட்ட மக்களின் வாக்குரிமை வரலாறு

ஓர் அரசியலமைப்பிலே சிறுபான்மையினருக்குரிய காப்பு தெளிவுற எழுதப்பட்டிருந்தாலும், அந்நாட்டின் பிரஜை யார் என்பதை வரையறுக்கும் அதிகாரம் பெரும்பான்மையோர் கையிலேயே இருக்குமாயின், அக்காப்பினாற் பயன் யாது? இவ்வினா ஏட்டளவில் எழுந்த வினாவன்று. பதுளை, பசறை, லுணுகலை, மடூல்சீமை முதலிய இடங்களிலுள்ள தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த பல்லாயிரம் மக்களின் வாழ்வைத் தொட்ட வினா அது. இலங்கையின் உயர் நீதிமன்றம் 1951ஆம் ஆண்டிலும், அதற்கு மேலிருந்த இலண்டன் கோமறைக் கழகம் 1953ஆம் ஆண்டிலும் இவ்வினாவுக்கு விடை கூறின. அவ்விடைகள் எவ்வாறு அமைந்தன, அவை எதனைக் காணத் தவறின என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நமுனுகுல மலைச் சாரலிலே, பதுளையிலிருந்து லுணுகலை, பிபிலை நோக்கிச் செல்லும் பெருவீதியில் அமைந்த சிறுநகர் பசறை. அதனைச் சூழ்ந்த மலைகள் முதலிற் கோப்பியும், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலையும் விளைந்த நிலங்களாகும். இங்கு உழைத்தோர் கங்காணிமார் மூலம் தென்னிந்தியாவிலிருந்து அழைத்து வரப்பட்டோரும் அவர்தம் வழித்தோன்றல்களுமாவர். 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டிலிருந்த இந்தியத் தமிழரின் தொகை 780,589 ஆகும். இது மொத்த சனத்தொகையில் 11.7 சதவீதம். லயத்திற் பிறந்து, பெரட்டுக் களத்திற் பெயர் கொடுத்து, அத்தோட்டத்து மண்ணிலேயே புதைக்கப்பட்ட தலைமுறைகள் இத்தொகையினுள் அடங்கும்.

இம்மக்கள் அரசியலில் விழிப்புற்றிருந்தனர் என்பதற்கும் ஊவாவே சான்றாகும். 1940இல் பதுளைக்கு அண்மையிலுள்ள வெவெஸ்ஸ தோட்டத்தில் நிகழ்ந்த வேலைநிறுத்தம் தோட்டத் தொழிற்சங்க வரலாற்றில் முக்கிய இடம் பெறுவது. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசு ஏழு ஆசனங்களைப் பெற்றது. நுவரெலியாவிற் சௌமியமூர்த்தி தொண்டமானும், தலவாக்கலையிற் சி. வி. வேலுப்பிள்ளையும் வென்றதைப் போலவே பதுளைத் தொகுதியில் எஸ். எம். சுப்பையா வென்றார். வேறு பல தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளர்க்குத் தோட்ட வாக்குகள் துணை நின்றன. தோட்டத் தொழிலாளியின் வாக்குக்கு ஆட்சியை அசைக்கும் வலிமை உண்டென்பதை அத்தேர்தல் காட்டியது. பின்னர் வந்த சட்டங்களை இப்பின்னணியில் வைத்தே நோக்குதல் வேண்டும்.

சட்டங்கள் மூன்று. முதலாவது, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். இதன்படி இலங்கையிற் பிறந்தவராயினும், ஒருவருடைய தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்திருத்தல் வேண்டும். இரண்டாவது, 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம். மணமானவர்க்கு ஏழாண்டும் ஏனையோர்க்குப் பத்தாண்டும் தொடர்ச்சியான வதிவு இருக்குமாயின், வேறு சில நிபந்தனைகளுக்கும் அமைய, விண்ணப்பித்துப் பதிவு பெறலாம் என்றது இது. மூன்றாவது, 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம். பிரஜையல்லாதார் பெயர் வாக்காளர் இடாப்பில் இடம்பெறலாகாது என்பதே இதன் சாரம். முதற் சட்டம் பிரஜை யார் என வரையறுத்தது. மூன்றாஞ் சட்டம் அவ்வரையறைக்கு வெளியே நின்றவரின் வாக்கைப் பறித்தது. இடையில் நின்ற சட்டம் ஒரு வாயிலைத் திறந்து வைத்ததாகக் கூறப்பட்டது.

இம்மூன்று சட்டங்களிலும் தமிழன் என்றோ தோட்டத் தொழிலாளி என்றோ ஒரு சொல்லைக் கொண்டு உரிமை மறுக்கப்படவில்லை என்பது கவனித்தற்குரியது. ஆயின் அவை சென்று தாக்கிய இடம் எது? தோட்டத்துத் தொழிலாளியின் தந்தை பிறந்த இடத்துக்குப் பத்திரம் எங்கே தேடுவது? பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் வழக்கத்தால் இந்தியக் கிராமத்திற் பிறந்து, கைக்குழந்தையாக லயத்துக்கு மீண்டவரின் நிலை யாது? தாய் இலங்கையிற் பிறந்தவளா என்பதைச் சட்டம் வினவவேயில்லை. ஊர் எல்லை தாண்டாத கிராமத்தவர்க்கு இந்நிபந்தனைகள் இயல்பாகவே நிறைவேறின. கடல் கடந்து வந்த குடும்பத்துக்கோ அவை மலையாகி நின்றன.

அக்காலத்தில் நடைமுறையிலிருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு இத்தகைய நிலைமைக்கெனவே எழுதப்பட்டது போலத் தோன்றும். ஏனைய சமூகத்தினர்க்கு இல்லாத இயலாமையையோ கட்டுப்பாட்டையோ ஒரு சமூகத்தினர் மீது பாராளுமன்றம் சட்டத்தால் விதித்தலாகாது என்றும், அவ்வாறு விதிக்கும் சட்டம் அந்த அளவுக்கு வெறிதாகும் என்றும் அப்பிரிவு கூறியது. இதனையே ஆதாரமாகக் கொண்டு கேகாலை மாவட்டத்திலிருந்து ஒரு வழக்கு எழுந்தது. ருவன்வெல்லைத் தொகுதி இடாப்பிலே தம் பெயரைச் சேர்க்குமாறு கோடகன் பிள்ளை என்பவர் விண்ணப்பித்தார். அவர் பிரஜை என நிறுவப்படவில்லை எனப் பதிவு அதிகாரியான முதநாயக்க மறுத்தார். விடயம் திருத்தும் அதிகாரியான சிவஞானசுந்தரத்தின் முன் சென்றபோது, அச்சட்டங்கள் 29ஆம் பிரிவுக்கு முரணானவை, ஆதலின் செல்லுபடியாகா என அவர் தீர்மானித்தார். கேகாலையில் எழுந்த வழக்காயினும், அதன் முடிவு பதுளைக்கும் பசறைக்கும் உரிய முடிவேயாகும்.

உயர் நீதிமன்றம் 1951இல் அத்தீர்மானத்தை நீக்கியது. சட்டத்தின் சொற்கள் தெளிவாக உள்ளவிடத்து அவற்றைக் கொண்டே அதனை மதிப்பிடல் வேண்டும். சட்டமியற்றியோர் உள்ளத்தில் இருந்த நோக்கமோ, நடைமுறையிற் சில சமூகத்தவர்க்கு நேரும் விளைவோ அதன் வலிதைக் கெடுக்காது என்பதே அதன் நிலைப்பாட்டின் சாரமாகும். எல்லோர்க்கும் ஒரே அளவுகோல். அவ்வளவுகோலுக்கு எவர் எட்டுகிறார், எவர் எட்டவில்லை என்பது நீதிமன்றத்துக்குரிய வினாவன்று என்ற முடிவுக்கு இது இட்டுச் சென்றது.

கோமறைக் கழகம் 1953இல் அளித்த தீர்ப்பு இதனிலும் நுட்பமானது. நேர்முகமாக அரசியலமைப்பை மீறாது, மறைமுகமாக அதே விளைவை உண்டாக்கும் சட்டமும் செல்லுபடியற்றதாகலாம் என்ற கொள்கையை அது ஏற்றது. ஆணைக்குழு அறிக்கைகளை நோக்குதலும் தகும் என்றது. ஆனால் தன் மக்கள் யாவர் எனத் தீர்மானித்தல் ஒரு நாட்டுச் சட்டமன்றத்தின் இயல்பான கடமை எனவும், இந்தியத் தமிழரின் இடம்பெயரும் இயல்பு அவர் பிரஜைகளாதற்குத் தகுதியுடையவரா என்ற வினாவுக்குப் பொருத்தமான செய்தி எனவும் அது கருதியது. 1949ஆம் ஆண்டுச் சட்டம் பதிவுக்கு வழி வைத்திருத்தலால், அச்சமூகத்தைத் தடுத்து வைப்பது சட்டமன்றத்தின் எண்ணமன்று எனவும் கொண்டது. ஆகவே மேன்முறையீடு தள்ளப்பட்டது.

இங்கேதான் வரலாற்று மாணவர் நின்று நோக்குதல் வேண்டும். நீதியரசர்கள் சுட்டிய அந்த வாயில் எத்துணை அகலமானது? விண்ணப்பிக்கும் காலம் 1951 ஆகஸ்டுடன் முடிவுற்றது. முதலில் இச்சட்டத்தைப் புறக்கணித்த காங்கிரசு பின்னர் தன் முடிவை மாற்றியது. ஈற்றில் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரை உள்ளடக்கி ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள் சேர்ந்தன. அவற்றுள் பிரஜாவுரிமை பெற்றோர் சுமார் 134,000 பேரேயாவர். அஃதாவது வாயிலில் நின்ற அறுவரில் ஒருவரே உட்புகுந்தார். இடம்பெயரும் மக்கள் எனத் தீர்ப்பிற் குறிக்கப்பட்டவர்களே, நிலையாக வாழ்ந்தோம் என நிறுவ இத்தனை பெருந்தொகையினராய் முன்வந்தனர் என்பது எண்ணத்தக்கது.

உயர் நீதிமன்றத்துக்கு நியாயம் செய்தலும் வேண்டும். பதிவு ஆணையாளரின் மறுப்புக்கு எதிராக மேன்முறையீடு செய்யும் உரிமையை 1949ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியிருந்தது. அவ்வாறு வந்த வழக்குகள் பலவற்றில் நீதியரசர்கள் மறுப்பை நீக்கி விண்ணப்பதாரர்க்கு நிவாரணம் அளித்தனர். ஆயின் இது தனித்தனி மனிதர்க்குக் கிடைத்த நிவாரணம். கொழும்பு சென்று, சட்டத்தரணியை அமர்த்தி, நாட்கூலியையும் இழந்து வழக்காடக்கூடிய தொழிலாளர் பசறையில் எத்தனை பேர் இருந்திருப்பர்? சமூகம் முழுமைக்கும் அடைபட்ட கதவை ஒவ்வொருவராகத் தட்டித் திறத்தல் இயலாத செயலாகும்.

ஏனைய நாடுகளின் தீர்ப்புகளோடு ஒப்பிடுதல் இவ்விடயத்தை மேலும் தெளிவாக்கும். 1952இல் தென்னாபிரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம், கேப் மாகாணத்துக் கலப்பினத்தவரைப் பொது வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கிய சட்டம் அரசியலமைப்பு விதித்த முறைப்படி இயற்றப்படாததால் வெறிதென்றது. எனினும் அரசாங்கம் செனற் சபையைப் பெருக்கி, 1956இல் தன் எண்ணத்தை நிறைவேற்றிக்கொண்டது. அமெரிக்காவின் அலபாமாவில் டஸ்கீகி நகர எல்லையை மாற்றிய சட்டமொன்று, நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் கூறாமலே, சதுரமாயிருந்த நகரை இருபத்தெட்டுப் பக்கங்கொண்ட உருவமாக்கி, ஏறத்தாழ நானூறு கறுப்பின வாக்காளரில் நாலைந்து பேரொழிந்த அனைவரையும் நகருக்கு வெளியே தள்ளியது. 1960இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லை விடுத்து விளைவை நோக்கி, அத்தகைய சட்டம் நிலைக்காது என்றது. கோமறைக் கழகம் 1953இல் ஏற்ற கொள்கையும் இதுவேயாகும். கொள்கை ஏற்கப்பட்டும், அதனைக் கொண்டு தோட்ட மக்களின் நிலை அளக்கப்படாமற் போயிற்று.

விளைவு உடனே தெரிந்தது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலிற் பதுளையிலிருந்தோ வேறெத் தொகுதியிலிருந்தோ இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எவரும் பாராளுமன்றம் செல்லவில்லை. அவ்வாண்டு கொழும்பில் நடந்த சத்தியாக்கிரகமும் சட்டத்தை மாற்றவில்லை. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மக்களைத் தொகையாகவே பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்பட வேண்டியோர். 1974இல் அவ்வெச்சமும் பாதிப்பாதியாகப் பிரிக்கப்பட்டது. தலைமன்னார்க் கப்பலேறிய குடும்பங்களிற் பல, தாம் ஒருநாளும் கண்டிராத ‘தாயகத்துக்கு’ச் சென்றன. ஒரே லயத்தில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மறுநாட்டுக்கும் உரியவராயினர்.

1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு 29ஆம் பிரிவைக் கைவிட்டது. கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடும் அக்காலத்திலேயே அற்றுப்போயிற்று. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு அடிப்படை உரிமை மீறல்களை நேரே உயர் நீதிமன்றத்தில் முறையிட வழி வகுத்தது. வம்சாவளிப் பிரஜை, பதிவுப் பிரஜை என்ற வேற்றுமையையும் அது நீக்கியது. ஆயின் அங்கும் பேச்சு, ஒன்றுகூடல், சங்கம் அமைத்தல் முதலிய உரிமைகள் ‘பிரஜை’க்கே வழங்கப்பட்டன, நாடற்றவராய் இங்கு நிலையாக வதிந்தோர்க்கு அவை பத்தாண்டுகளுக்கு மட்டுமே நீட்டப்பட்டன. பிரஜை என்ற ஒரு சொல்லே மீண்டும் வாயிற்காவலனாய் நின்றது.

அக்காவலை அகற்றியவை தீர்ப்புகளல்ல, சட்டங்களே. 1986ஆம், 1988ஆம் ஆண்டுச் சட்டங்களும், இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் எஞ்சியிருந்த நாடற்ற நிலையைத் தீர்த்தன. 1964 ஒக்டோபர் 30 முதல் நிலையாக வதிந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் இறுதிச் சட்டம் பிரஜாவுரிமை அளித்தது. தொழிற்சங்கங்களின் பேரம்பேசும் வலிமையும், மீண்டும் பெருகிய வாக்குத் தொகையும் இதன் பின்னின்ற காரணிகளாகும். 2015ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிற் பதுளை மாவட்டம் மலையகத் தமிழர் இருவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1947இற் கிடைத்த குரல் ஒருவாறு மீண்டது எனலாம்.

1951, 1953ஆம் ஆண்டுத் தீர்ப்புகள் சட்ட நூல்களில் இன்றும் விளக்கவுரைக்குரியனவாக உள்ளன. அவற்றிலிருந்து பெறத்தக்க பாடம் நீதிமன்றங்கள் பயனற்றவை என்பதன்று. உரிமைக் காப்பு எத்துணை உறுதியாக எழுதப்பட்டாலும், அது எவரைக் காக்கும் என்ற வினா அதற்கு முன்னரே தீர்மானிக்கப்பட்டுவிடக்கூடும் என்பதே அப்பாடம். ஒரு சட்டம் நீதியானதா என ஆராய்வோர் அதன் சொற்களை மட்டும் வாசித்தல் போதாது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்த மறுநாள், வாக்காளர் இடாப்பில் எவர் பெயர் இல்லாதொழிந்தது என்பதையும் வாசித்தல் வேண்டும். பசறையின் மலைகளில் அப்பெயர்கள் மீண்டும் எழுதப்பட அரை நூற்றாண்டு சென்றது.