வழுவும் வரலாறும்: மேசைக் கணனிச் செய்நிரலாக்கம் பற்றிய ஒரு நோக்கு

ஒரு செய்நிரல் இயங்கிக்கொண்டிருக்கையில் இடைநடுவே நின்றுபோகுமாயின், அதனை எழுதியவரின் கவனக்குறைவே அதற்குக் காரணமெனக் கொள்வது பொதுவழக்காக உள்ளது. செய்நிரலாக்கம் பயிலும் மாணவரும் தம் அறிவின் குறையே அதுவென எண்ணி மனஞ்சோர்வர். ஆயின், ஒரே இனத்தைச் சேர்ந்த வழுக்கள் வெவ்வேறு நாடுகளிலும் வெவ்வேறு நிறுவனங்களிலும், தம் துறையில் தலைசிறந்தோர் எனக் கருதப்பட்டவர்கள் ஆக்கிய செய்நிரல்களிலுங்கூட, பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்பத் தோன்றி வந்துள்ளன. தனிமனிதரின் கவனக்குறைவு மட்டுமே இதற்கு விளக்கமாகுமா என்பது வரலாற்று நோக்குடையோர் எழுப்பவேண்டிய வினாவாகும். மேசைக் கணனிகளில், அவற்றின் பணிசெயல் முறைமையோடு நேரடியாக உறவாடி இயங்கும் செய்நிரல்களை எடுத்துக்கொண்டு, அவற்றிற் பொதுவாகக் காணப்பட்ட சில வழுக்கள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு தீர்க்கப்பட்டன, அத்தீர்வுகளுக்கு யாது விலை கொடுக்கப்பட்டது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சாளரங்களும் சுட்டியும் கொண்ட கணனியின் தோற்றத்தை ஆராய்வோர் 1973ஆம் ஆண்டில் ஸெரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ரோ ஆய்வு நிலையத்தில் உருவான அல்ரோ என்னும் பொறியிலிருந்து தொடங்குதல் வழக்கு. அதற்கு முந்திய செய்நிரல்களிற் பெரும்பாலானவற்றில் தலைமை செய்நிரலிடமே இருந்தது. அது கேட்டபோது மனிதர் விடையளித்தனர். சாளர முறையிலோ இவ்வுறவு தலைகீழாயிற்று. பாவனையாளர் எக்கணத்தில் எதனைத் தொடுவார் என்பது முன்கூட்டித் தெரியாது. ஆகவே செய்நிரல் காத்திருக்கவும், வந்த நிகழ்வைக் கையாளவும், மீண்டும் காத்திருக்கவும் வேண்டியதாயிற்று. இக்காத்திருப்புச் சுழலே மேசைக் கணனிச் செய்நிரலின் அடிப்படையாகும். பின்வந்த இடர்ப்பாடுகளிற் சில இதிலிருந்தும், வேறு சில அக்காலப் பொறிகளின் வறுமையிலிருந்தும் பிறந்தவை.

அவ்வறுமையை முதலில் நோக்குவோம். 1984ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட மக்கின்ரோஷ் கணனியின் நினைவகம் 128 கிலோபைற் மட்டுமே. இத்துணைச் சிறிய இடத்திற் படங்களும் எழுத்துருக்களும் ஆவணங்களும் மாறிமாறி இடம்பெறவேண்டியிருந்தன. இடையிடையே வெற்றிடங்கள் சிதறிக் கிடப்பின், மொத்தத்தில் இடமிருந்தும் ஒரு பெரும் பொருளை வைக்க இயலாது போகும். ஆதலின், பொருள்களைத் தேவைக்கேற்ப நகர்த்தி வெற்றிடங்களை ஒன்றுசேர்க்கும் முறையொன்று கையாளப்பட்டது. செய்நிரலுக்குப் பொருளின் முகவரி நேரே தரப்படவில்லை. முகவரி எழுதப்பட்டுள்ள இடத்தின் முகவரியே தரப்பட்டது. இதனை நூலகத்தின் பட்டியல் அட்டைக்கு ஒப்பிடலாம். நூல் வேறு அடுக்குக்கு மாற்றப்படின் அட்டையிலும் அது திருத்தப்படும். அட்டையைப் பார்த்துச் செல்பவர் ஏமாறார். அடுக்கின் எண்ணை ஒருமுறை மனப்பாடஞ்செய்து கொண்டவரோ பிறிதொரு நாளில் வேறொரு நூலையே எடுத்துவருவார். விரைவை விரும்பிய செய்நிரலாக்கர் பலர் இவ்வாறு மனப்பாடஞ்செய்தனர். பொருள் நகர்ந்த வேளையில் மட்டுமே வழு வெளிப்பட்டமையால், பத்துமுறை சரியாக இயங்கிய செய்நிரல் பதினோராம் முறை வீழ்ந்தது. காரணத்தைத் தேடுவதோ பெருந்துன்பமாயிற்று.

இதனோடு தொடர்புடைய மற்றொரு செய்தியும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. மக்கின்ரோஷில் அமைந்த மோட்டரோலா 68000 என்னும் செயலி, முகவரிக்கென 32 இருமக் கூறுகளை வைத்திருந்தும், அவற்றுள் 24ஐ மட்டுமே பயன்படுத்தியது. எஞ்சிய எட்டும் வீணாகாதவாறு அவற்றில் வேறு குறிப்புக்கள் எழுதப்பட்டன. சிக்கனத்தின் நோக்கில் அது அறிவுடைச் செயலே. ஆனால் 1987இல் வெளிவந்த மக்கின்ரோஷ் ரூ என்னும் பொறியின் செயலி 32 கூறுகளையும் முகவரியாகக் கொள்ளவல்லது. 1991இல் ஏழாம் பதிப்பு முறைமை அவ்வாற்றலைப் பயன்படுத்த முற்பட்டபோது, பழைய செய்நிரல்கள் பல பழுதுற்றன. அப்பிள் நிறுவனத்தின் சில பொறிகளில் நிலையாகப் பதிக்கப்பட்ட செய்நிரலே புதிய முறைக்குப் பொருந்தாதிருந்தது. ஒரு காலத்தின் சிக்கனம் மறுகாலத்தின் கடனாயிற்று.

இனிக் காத்திருப்புச் சுழலிற் பிறந்த இடர்ப்பாட்டிற்கு வருவோம். 1985ஆம் ஆண்டு நவம்பரில் மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸின் முதற்பதிப்பை வெளியிட்டது. அதில் ஒரே வேளையிற் பல செய்நிரல்கள் இயங்குவன போலத் தோன்றினும், உண்மையில் ஒன்று தானே விட்டுக்கொடுத்தாலன்றி மற்றொன்று இயங்க வழியில்லை. ஒரு செய்நிரல் நீண்ட கணக்கொன்றில் மூழ்கிவிடின், ஏனைய சாளரங்களும் உறைந்து நிற்கும். திரையில் மணற்கடிகையின் உருவே எஞ்சும். இதற்குரிய முதல் தீர்வு ஒழுக்கநெறி சார்ந்தது: நீண்ட பணியைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, இடையிடையே பிறருக்கு வழிவிடுமாறு செய்நிரலாக்கர் அறிவுறுத்தப்பட்டனர். ஆயின் ஒருவர் தவறினும் யாவரும் துன்புறும் அமைப்பில் அறிவுரை மட்டும் போதுமானதன்று. 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்.ரி. முறைமையும், 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95இல் 32 கூற்றுச் செய்நிரல்களுக்கான ஏற்பாடும், விட்டுக்கொடுக்காத செய்நிரலிடமிருந்து செயலியை முறைமையே பறித்துப் பிறவற்றிற்கு வழங்கும் ஏற்பாட்டைக் கொணர்ந்தன. மக்கின்ரோஷ் பாவனையாளர் இதே பாதுகாப்பை முழுமையாகப் பெற 2001ஆம் ஆண்டின் பத்தாம் முறைமை வரை காத்திருக்க நேர்ந்தது.

எனினும் இடர்ப்பாடு அழிந்துவிடவில்லை. இடம் மாறியது எனலே பொருந்தும். பிற செய்நிரல்கள் உறையாவிடினும், நீண்ட கணக்கில் ஈடுபட்ட செய்நிரலின் சாளரம் உறையவே செய்தது. அக்கணக்கைத் தனியானதோர் இழையில் இயக்குவது தீர்வாக முன்வைக்கப்பட்டது. இரண்டு இழைகள் ஒரே தரவை ஒருங்கே தொடும்போது, எது முந்தியது என்பதைப் பொறுத்து விளைவு மாறும் புதுவகை வழு அதனாற் பிறந்தது. ஆகவே சாளரங்களை அவற்றிற்குரிய ஓர் இழை மட்டுமே தொடலாம். ஏனைய இழைகள் தம் முடிவுகளைச் செய்தியாக அனுப்பவேண்டும் என்னும் நெறி நிலைபெற்றது. இந்நெறியைச் செய்நிரலாக்கர் எளிதிற் பின்பற்றுமாறு மொழியிலேயே வசதி செய்யும் முயற்சியாக, 2012இல் சி சார்ப் மொழியின் ஐந்தாம் பதிப்பிற் சேர்க்கப்பட்ட காத்திருப்புச் சொற்களைக் குறிப்பிடலாம்.

வறுமையின் மற்றொரு பிள்ளை, பகிர்ந்து பயன்படுத்தப்படும் செய்நிரல் நூலகம். பல செய்நிரல்களுக்குப் பொதுவான பகுதியை ஒருமுறை மட்டும் சேமித்து யாவரும் பயன்படுத்துதல், நினைவகமும் வட்டும் விலையுயர்ந்திருந்த காலத்தில் இன்றியமையாததாயிருந்தது. ஆனால் புதிய செய்நிரலொன்றை நிறுவும்போது, அது தனக்கு வேண்டிய பதிப்பைப் பொதுவிடத்தில் எழுதிவிட, அதுவரை நன்கியங்கிய வேறொரு செய்நிரல் காரணமின்றி வீழ்ந்தது. இந்நிலையைச் செய்நிரலாக்கர் நரகம் என்றே பெயரிட்டழைத்தனர். 2000ஆம் ஆண்டின் விண்டோஸ் பதிப்பு பொதுக் கோப்புக்களைக் காவல்செய்தது. 2001இல் வந்த எக்ஸ்.பி. பதிப்பு ஒரே நூலகத்தின் பல பதிப்புக்கள் அருகருகே இருக்க வழிசெய்தது. வட்டின் விலை வீழ்ந்தபின், ஒவ்வொரு செய்நிரலும் தனக்குரிய பிரதியைத் தன்னோடு கொண்டுசெல்வது பெருவழக்காயிற்று. அதன் விலை யாதெனில், நூலகத்தில் ஒரு குறை கண்டுபிடிக்கப்படின் அதனை ஓரிடத்தில் திருத்தினாற் போதாது. எத்தனை பிரதிகளோ அத்தனை இடங்களிலும் திருத்தவேண்டும்.

இவ்வரலாற்றில் இலங்கையரான நாம் சிறப்பாக நினைவுகூரத்தக்க ஒருவர் உளர். 1934ஆம் ஆண்டு கொழும்பிற் பிரித்தானியப் பெற்றோருக்குப் பிறந்து, ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திற் செம்மொழிகளும் மெய்யியலும் பயின்று, பின்னர் கணனித்துறையிற் புகுந்தவர் ரொனி ஹோர். 1965இல் அல்கோல் டபிள்யூ மொழியை வகுக்கும் பணியில், எப்பொருளையும் சுட்டாத வெற்று முகவரி என்னும் கருத்தை அவர் சேர்த்தார். சேர்ப்பது எளிதாக இருந்தமையே காரணமென அவர் பின்னர் ஒப்புக்கொண்டார். வெற்று முகவரியைப் பொருளெனக் கருதித் தொடும் செய்நிரல் வீழ்கிறது. செய்நிரலாக்கத்தின் மிகப் பரவலான வழுக்களுள் இதுவும் ஒன்று. 2009இல் ஒரு மாநாட்டில் இதனைத் தமது நூறு கோடி டொலர்த் தவறென அவர் வெளிப்படையாகக் கூறினார். தவறிழைத்தவர் திறமையற்றவரல்லர் என்பதை வற்புறுத்த வேண்டியதில்லை. 1980ஆம் ஆண்டின் ரூரிங் விருதைப் பெற்றவரே அவர்.

அவ்விருது விழாவில் அவர் ஆற்றிய உரையிற் கூறிய செய்தியொன்று நமது வினாவுக்கு நேரே விடை தருகின்றது. எலியற் சகோதரர் நிறுவனத்தில் அவர் குழு ஆக்கிய அல்கோல் மொழிபெயர்ப்பி, வரிசைப்பட்டியலொன்றின் எல்லைக்கு அப்பாற் செய்நிரல் செல்கின்றதா என ஒவ்வொரு முறையும் சோதித்தது. விரைவுக்காக அச்சோதனையை நீக்கிக்கொள்ளும் வசதி வேண்டுமா எனச் சில ஆண்டுகளின் பின் வாடிக்கையாளரைக் கேட்டபோது, வேண்டாமென்றே அவர்கள் ஒருமுகமாகக் கூறினர். ஆயினும் 1970களிற் பெல் ஆய்வுகூடத்திற் பிறந்த சி மொழி அச்சோதனையைச் செய்யவில்லை. பிற்கால மேசைக் கணனிச் செய்நிரல்கள் பெரும்பாலும் அம்மொழியிலும் அதன் வழிவந்த மொழிகளிலுமே எழுதப்பட்டன. மைக்ரோசொப்ட் நிறுவனப் பொறியியலாளர் 2019இல் வெளியிட்ட கணிப்பின்படி, அந்நிறுவனம் ஆண்டுதோறும் திருத்திய பாதுகாப்புக் குறைகளுள் ஏறத்தாழ 70 வீதமானவை நினைவகத்தைத் தவறாகக் கையாண்டமையால் விளைந்தவையே.

அண்மைக்காலத் தீர்வுகள் யாவும் ஒரே திசையிற் செல்வதைக் காண்கிறோம். ஒரு பொருளை எத்தனை பேர் பயன்படுத்துகின்றனர் என எண்ணி, எவரும் பயன்படுத்தாதபோது அதனை விடுவிக்கும் முறையை அப்பிள் செய்நிரலாக்கர் நெடுங்காலம் கையாற் செய்துவந்தனர். 2011 முதல் அப்பணியை மொழிபெயர்ப்பியே ஏற்றது. 2014இல் வெளிவந்த சுவிவ்ற் மொழி, வெற்றாக இருக்கக்கூடிய மதிப்பை முன்கூட்டி அறிவிக்குமாறு கட்டாயப்படுத்தியது. 2015இல் முதற் பதிப்பு வெளிவந்த ரஸ்ற் மொழி, ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் உடைமையாளர் உண்டென வகுத்து, விதிமீறலைச் செய்நிரல் இயங்குமுன்னரே தடுத்தது. மனிதர் நினைவில் வைத்திருக்க வேண்டிய பொறுப்புக்கள் பொறியிடம் ஒப்படைக்கப்படுகின்றன. கற்பதற்குக் கூடுதற் காலமும், சில வேளை விரைவிழப்புமே அதற்குரிய விலை.

இறுதியாக நம் மொழியோடு தொடர்புடைய வழுவொன்றையும் சுட்டுதல் தகும். ஓர் எழுத்து ஓர் இடம் கொள்ளும் என்னும் எடுகோள் ஆங்கிலத்திற்கு ஏற்ற பழைய குறிமுறையில் வேரூன்றியது. 1991இல் வெளிவந்த யூனிக்கோட் முதற்பதிப்பில் தமிழுக்கும் இடமளிக்கப்பட்டது. ஆயின் ‘தமிழ்’ என்னும் சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிக்கோட்டில் ஐந்து குறிகள். பரவலாக வழங்கும் எட்டுக்கூற்றுக் குறிமுறையில் 15 பைற்றுக்கள். இம்மூன்றையும் ஒன்றெனக் கருதிச் சொல்லை வெட்டிய செய்நிரல்கள் மெய்யையும் உயிர்க்குறியையும் பிரித்து, பெயர்களைச் சிதைத்தன. எழுத்தெல்லையைத் தானே கணிக்க முனையாது, யூனிக்கோட் நியமம் வகுத்த விதிகளைப் பின்பற்றும் நூலகத்திடம் அதனை விடுதலே தீர்வு. இங்கும் எழுதியவர் கவனமற்றவரல்லர். எழுத்தைப் பற்றிய எடுகோளே தவறானது.

மேற்கூறியவற்றை ஒருங்கே நோக்குமிடத்து, பொது வழுக்கள் பெரும்பாலும் தனிமனிதக் குறைகளல்ல, ஒரு காலத்தின் நியாயமான உடன்பாடுகள் அக்காலம் கடந்தும் நீடித்தமையால் விளைந்தவை எனத் துணியலாம். 128 கிலோபைற்றுக்குப் பொருந்திய சிக்கனம், பல கோடி பைற்றுக்கள் மலிந்த நாளிலும் பழக்கமாகத் தொடர்ந்தது. இதனால் மாணவர் தம் பொறுப்பிலிருந்து விடுபடார். வழுவைத் திருத்துமுன் அதனைப் பிறப்பித்த எடுகோள் யாது, அது இன்றும் செல்லுமா என வினவுதல் அவர் கடன். சோதனையை நீக்க வேண்டாமென்று கூறிய அவ்வாடிக்கையாளர், செய்நிரலாக்கர் பலரினும் தெளிவாக ஒன்றை அறிந்திருந்தனர். விரைவு இழந்தால் சில கணங்களே போகும். வழு கண்டறியப்படாதுவிடின் ஒருவரின் பல மாத உழைப்பே போய்விடும். அத்தெளிவைப் பெறுவதற்கு வரலாறு துணையாகும்.