கரை உடைந்தால் யார் கொடுப்பது?

புதுக்கோட்டைப் பக்கத்துக்காரனான எனக்குக் கண்மாயைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். 'அம்ப்ரெல்லா இன்சூரன்ஸ்' என்ற சொல் ரொம்பப் பிந்தித்தான் தெரியும். அமெரிக்கக் குடும்பங்கள் வாங்குவது அது. நம்மால் இன்னொருவருக்குக் கேடு வந்து, வீட்டு பாலிசியும் கார் பாலிசியும் தரும் தொகை போதாமல் போனால், மிச்சத்தை இந்தக் 'குடை' ஏற்கும். பெரும்பாலும் பத்து லட்சம் டாலரில் தொடங்கும்.

இதன் அடியில் கிடப்பது பழைய கேள்விதான்: என் பொருள் உனக்குக் கேடு செய்தால் யார் கொடுப்பது?

இங்கிலாந்தில் ஓர் ஆலை முதலாளியின் நீர்த்தேக்கம் உடைந்து பக்கத்துச் சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்தது. அவர்மேல் தவறில்லாவிட்டாலும் தேக்கியவரே பொறுப்பு என்று 1868இல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது.

இதே வாதத்தோடு மெட்ராஸ் ரயில்வே கம்பெனி கார்வேட்டிநகரம் ஜமீன்தார்மேல் வழக்குப் போட்டது. பெருமழையில் அவருடைய இரண்டு ஏரிகள் உடைந்து ரயில் பாதையைச் சேதப்படுத்தியிருந்தன. 1874இல் லண்டன் பிரிவி கவுன்சில் ஜமீன்தார் பக்கம் நின்றது. இங்கே ஏரி ஒருத்தர் தன் லாபத்துக்கு வெட்டிக்கொண்டது இல்லை. ஊர் பிழைக்க இருப்பது. அதைப் பராமரிப்பது அவர் கடமை. கவனக்குறைவு இல்லாதபோது நஷ்டஈடு கிடையாது.

நியாயமான தீர்ப்புதான். ஆனால் யார்மேலும் தப்பு இல்லைன்னா, நஷ்டம் பட்டவர் தலையிலேயே நின்றுவிடுகிறது. ரயில்வே கம்பெனி தாங்கும். கரைக்குக் கீழே குடிசை போட்டிருப்பவர்?

இந்தக் கேள்விக்கு வண்டி விஷயத்தில் பதில் வந்தது. 1939 மோட்டார் வாகனச் சட்டத்தின் மூன்றாம் நபர் காப்பீடு 1946 ஜூலை 1 முதல் பிரிட்டிஷ் இந்தியாவில் கட்டாயமானது. புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் சமஸ்தானம். 1948 மார்ச்சில்தான் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. 2018 செப்டம்பரிலிருந்து புது பைக் எடுத்தால் ஐந்து வருஷத்துக்குச் சேர்த்தே 'தேர்ட் பார்ட்டி' கட்ட வேண்டும்.

வாசலில் நிற்கும் பைக்குக்கு இது உண்டு. சாய்ந்து நிற்கும் சுற்றுச்சுவருக்கு, கயிற்றை அறுத்துக்கொள்ளும் காளைக்கு, கடிக்கிற நாய்க்கு எந்தக் கட்டாயமும் இல்லை. சில வீட்டுக் காப்பீடுகளில் 'பொதுப் பொறுப்பு' என்றொரு பிரிவு உண்டு. அதைக் கேட்டுத்தான் வாங்கணும். அந்த அடித்தளம் இல்லாமல் மேலே குடை விரிக்க முடியாது.

இன்சூரன்ஸ் நம்மைக் காக்கத்தான் என்று நினைக்கிறோம். இந்த வகை அடிபட்டவரையும் காக்கிறது. நம்மிடம் காசில்லை என்பதற்காக அவர் நகையை அடகு வைத்து வைத்தியம் பார்க்க வேண்டியதில்லை.