கொக்கி இல்லாத திண்ணை

வீட்டு முகப்பில் சாய்வு நாற்காலியும் மின்விசிறியும் போடுவதைப் புதுப்பணத்தின் பகட்டாகப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். திண்ணைதான் நம் மரபு, மற்றவை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை என்பது அவர்கள் எண்ணம். ஆனால் ஆறுமுகநேரி போன்ற உப்பள ஊரில் திண்ணையே வசதிக்காகக் கட்டப்பட்டதுதான். முழங்கால் உயரம் என்பதால் உட்கார்ந்தவரின் பாதம் தரையில் படியும். தேய்த்து மெருகேற்றிய சுண்ணாம்புக் காரை உச்சிவெயிலிலும் சுடாது. கையில் காசிருந்தவர்கள் தலை சாய்க்க ஓரத்தில் சரிவான திண்டு ஒன்றையும் சேர்த்துக் கட்டினார்கள். ஓலையோ ஓடோ, தாழ இறங்கிய கூரை வெளிச்சத்தின் கூச்சத்தை மறைத்தது. விடியுமுன் பாத்திக்குப் போய், உப்பின் வெள்ளையையே பார்த்துத் திரும்பிய கண்களுக்கு அது பெரிய ஆறுதல். பிற்பகலில் கடற்காற்று வரும். அது வராத நாளுக்குப் பனையோலை விசிறி, இடம் போதாவிட்டால் பனைநார்க் கட்டில். இரண்டையும் தந்தது தேரிக்காட்டுப் பனை. பக்கத்து ஆத்தூர்க் கொடிக்காலின் வெற்றிலையும் சேர்ந்துவிட்டால் இருக்கைக்கு வேறு குறை இல்லை.

இத்தனை கவனத்தோடு கட்டிய இடம் ஏன் காலியானது? தொலைக்காட்சிதான் ஆட்களை உள்ளே இழுத்துக்கொண்டது என்பது வழக்கமான பதில். எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975இல். தென்கோடி ஊர்களில் அது வீட்டுக்கு வீடு பரவ மேலும் பல ஆண்டுகள் ஆயின. மின்சாரம் அதற்கு வெகுநாள் முன்பே வந்துவிட்டது. தாமிரபரணியின் பாபநாசம் நீர்மின் நிலையம் 1944இல் இயங்கத் தொடங்கி நெல்லைச் சீமைக்கு மின்சாரம் தந்தது. அதுவரை தலைக்கு மேல் ஆடும் விசிறி என்றால் துரைமார் கச்சேரிகளில் கயிறு கட்டி ஆள் இழுத்த பங்காதான். 1880களில் அமெரிக்காவில் உருவான மின்விசிறி, அந்தச் சுகத்தை ஆள் இல்லாமலே தந்தது. ஆனால் அதைத் தொங்கவிட உயரமான கூரையும், பாரம் தாங்கும் கொக்கியும் வேண்டும். திண்ணையின் தாழ்ந்த சாய்ப்பில் இரண்டும் கிடையாது; நின்றால் இறக்கை தலையில் இடிக்கும். உள்ளே கான்கிரீட் போட்ட கூடத்தில் தளம் வார்க்கும்போதே கொக்கி பதிக்க முடிந்தது. காற்று கூடத்துக்குப் போனது, மனிதர்களும் கூடவே போனார்கள். தொலைக்காட்சி வந்தபோது அதன் முன்னால் உட்கார ஆட்கள் ஏற்கெனவே விசிறியடியில் இருந்தார்கள். எந்த நிழல் வெயிலை மறைத்ததோ அதுவே விசிறிக்கு இடம் தராமல் திண்ணையைத் தோற்கடித்தது என்பதே என் வாதம்.

திண்ணை போனால் போகட்டும், அது எல்லாருக்குமான இடமாகவா இருந்தது என்று கேட்பவர்களுக்கு நியாயம் உண்டு. வழிப்போக்கர் படுத்தெழுந்த திண்ணை என்று பெருமை பேசுகிறோம். அந்த வழிப்போக்கரின் சாதி கேட்கப்பட்டது. ஒடுக்கப்பட்டோர் தெருவில் நின்றபடியேதான் திண்ணையில் இருந்தவரிடம் பேச முடிந்தது. திண்ணைப் பள்ளிக்கூடங்களின் கதவும் அவர்களுக்கு அடைத்தே இருந்தது. பகலில் அது பெரும்பாலும் ஆண்களின் இடம். இதில் எதையும் மறுக்க முடியாது. ஆனாலும் குற்றம் மேடையின் மீது இல்லை, அதில் யார் ஏறலாம் என்று வகுத்தவர்கள் மீது. டீக்கடை பெஞ்சிலும் இதே கொடுமை இருந்தது. அதற்காக நாம் பெஞ்சை எடுத்துவிடவில்லை, எல்லாரும் உட்காரும் உரிமையைத்தான் கேட்டோம். தூத்துக்குடியிலிருந்து ஆத்தூர், ஆறுமுகநேரி வழியாகத் திருச்செந்தூருக்கு நடந்துபோகும் பக்தருக்கு இன்றும் தேவைப்படுவது சாதி கேட்காத ஒரு மேடை. வீட்டை இடித்துக் கட்டும்போது அந்த மேடையையும் சேர்த்து இடித்து இரும்புக் கிராதி போட்டது சமத்துவத்துக்காக அல்ல, மோட்டார் சைக்கிள் நிறுத்துவதற்காக.

2011இல் தமிழக அரசு மிக்சி, கிரைண்டரோடு மேசை விசிறியும் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. அதற்குக் கொக்கி வேண்டாம்; ஒயர் எட்டும் தூரம்வரை வாசலுக்கும் வரும். அதற்குள் பல வீடுகளில் வாசலில் உட்கார இடம் இல்லாமல் போயிருந்தது. இப்போது கட்டப்படும் வீடுகளின் முகப்புக்கும் கான்கிரீட் தளம் உண்டு, ஆகவே கொக்கிக்குப் பழைய தடை இல்லை. உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும் என்பது உண்மையான தடை. அதனால் அங்கே அலுமினிய இறக்கை வைத்த விசிறியும் மர நாற்காலியும்தான் சரிப்படும். அதைவிட, பழையபடி காரையிலோ சிமெண்டிலோ ஒரு மேடை கட்டிவிடுவது இன்னும் நல்லது. நாற்காலியை இரவில் உள்ளே எடுத்துக்கொள்வார்கள், மேடையை எடுக்க முடியாது. மின்விசிறியின் சுவிட்சையும் கதவுக்கு வெளியே வைக்க வேண்டும். உள்ளே வைத்தால், வந்து உட்கார்ந்தவர் காற்றுக்கு வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருக்கும். பனையோலை விசிறிக்கு அப்படி யாரும் கேட்டதில்லை, அது திண்ணை ஓரத்திலேயே கிடந்தது.